இல்லாத கல்லுக்கு ஒரு வேண்டுதல்

ஞாயிறு காலைப் பூசை தொடங்குவதற்கு முன்னால், எங்கள் பங்குக் கோயிலில் பூசைக் கருத்துகளை மைக்கில் வாசிப்பது வழக்கம். இன்னாருக்காக, இன்ன வேண்டுதலுக்காக என்று உபதேசியார் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூடியிருக்கும் சனம் முழுக்க அதைத் தன் வேண்டுதலாக எடுத்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு, அவர் என் மாமனாரின் பெயரைச் சொல்லி, "சிறுநீரகக் கல்லால் துன்பப்படும் இவர் விரைவில் பூரண நலம் பெற வேண்டி" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்த மாமா திரும்பவே இல்லை. என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அத்தை முந்தானையை இழுத்து முக்காடு போட்டு முகத்தை மறைத்துக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்கும். மாமாவுக்குக் கல்லே கிடையாது என்பது அந்தக் கோயிலில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். அந்த மூன்றாவது ஆள் நான் என்பது மற்ற இருவருக்கும் தெரியாது.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த வீடு பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது. மங்களூர் ஓடு போட்ட பழைய வீடு. அந்தக் காலத்து வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது; ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழுப்பி அப்படியே விட்டிருப்பார்கள். காற்றோட்டத்துக்கு என்பார் மாமா. காற்று வந்ததோ இல்லையோ, பேச்சு வந்தது. என் கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். நான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆக வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். புதுப் பெண்ணுக்கு அது சுகமான ஏற்பாடு என்று என் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா மாநில அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தும்மினால்கூடக் கைக்குட்டையை எடுத்து, விரித்து, அதற்குப் பிறகுதான் தும்முவார். கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர் அவர். அந்தக் குரலுக்காகவே சிலர் கன்னடப் பூசையை விட்டுவிட்டு நம் தமிழ்ப் பூசைக்கு வருவார்கள் என்று அத்தை பெருமை அடித்துக்கொள்வார். அத்தை அவருக்கு நேர் எதிர். எதையும் யாரிடமும் கேட்டுவிடுவார். சாவி தொலைந்தால் அந்தோணியாரிடம் கேட்பார், கேஸ் சிலிண்டர் வராவிட்டால் மாதாவிடம் கேட்பார், பால்காரரிடம் கடன் கேட்பதைப் போலவே உரிமையோடு கேட்பார். கிடைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் மெழுகுவர்த்தி ஏற்றமாட்டார். நம்பிக்கை என்றால் அவருக்கு அவ்வளவுதான்: வாய் விட்டுக் கேட்பது. கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவருக்குத் தெரியாத வித்தை.

பரிசோதனை முடிவு வந்த அன்று எனக்குப் பள்ளியில் அரை நாள். நான் வந்து படுத்திருந்தது தெரியாமல் இருவரும் அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், இடுப்பெலும்பு வரைக்கும் போயிருக்கிறது, வேரோடு எடுக்க முடியாது, ஆனால் பல வருஷம் தூங்கவைக்க முடியும் என்று டாக்டர் சொன்னதை மாமா அலுவலகக் குறிப்பு வாசிப்பதுபோலத் திரும்பச் சொன்னார். அதற்கு ஆண் சுரப்பு ஊறும் விதைகளையே ஒரு சின்ன ஆபரேஷனில் எடுத்துவிட வேண்டும். ஊசி வழியும் இருந்தது. ஆனால் அது மாதாமாதம், ஆயுளுக்கும். பென்ஷனில் நினைத்துப் பார்க்கிற காரியமில்லை. இதையெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னவர் கடைசியில் குரல் உடைந்து, "எந்த இடத்துலன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு அத்தைதான், "கல்லுன்னு சொல்லிடலாங்க" என்றார்.

ஆமாம், அந்தப் பொய் அத்தையுடையது. மாமாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். இருவருக்கும் அதற்குள்தான் மாதக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டிவரும் என்று அப்போது தோன்றியிருக்காது. எனக்கும் சேர்த்துத்தான். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, மாமாவுக்குக் கல்லாம்மா என்று அத்தை சொன்னபோது, நான் அப்படியா அத்தை என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? மாமனாருக்கு அந்த இடத்தில் வந்திருக்கும் நோய் மருமகளுக்குத் தெரியும் என்று தெரிந்தால் மாமா என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கமாட்டார். மஸ்கட்டுக்கும் கல் என்றுதான் செய்தி போனது. அதை மறுத்துச் சொல்ல எனக்கு வழியில்லை. எனக்குத்தான் எதுவும் தெரியாதே.

பொய் சொல்பவர்கள் யோசித்துச் சொல்ல வேண்டும். உலகத்தில் எந்த நோய்க்கு வேண்டுமானாலும் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள்; சிறுநீரகக் கல்லுக்கு மட்டும் இருக்கமாட்டார்கள். ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பார்கள். மூலை வீட்டு அக்கா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு நல்ல மனுஷி, ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து வாழைத்தண்டு வாங்கிவந்து கொடுக்க ஆரம்பித்தார். அதை நறுக்கி, நார் எடுத்து, அரைத்துச் சாறு பிழிந்து மாமாவுக்குக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. எதிர்வீட்டிலிருந்து கொள்ளு ரசம் வந்தது. வீடு முழுக்கப் பச்சைத் தண்டின் துவர்ப்பு வாடை. மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டுவார். பொய்க்கும் ஒரு நேர்மை வேண்டும் என்று நினைப்பவர்போல.

காலையில் அந்த அக்கா கேட்டுக்கு வெளியே நின்றே, "என்னண்ணா, கல்லு விழுந்துச்சா?" என்று கேட்பார். சந்து முழுக்கக் கேட்கும். தன் நோய் எந்த இடத்தில் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று இருந்த மனுஷன், தினமும் பல் தேய்க்கும் நேரத்தில், இன்றைக்குத் தண்ணீர் எப்படிப் போனது, எரிச்சல் இருந்ததா என்று ஒரு தெருவுக்கே கணக்கு ஒப்பிக்க வேண்டியதாயிற்று. எனக்குச் சிரிப்பும் வரும், அடுத்த நிமிஷமே அந்தச் சிரிப்புக்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருக்கும்.

அந்தப் பூசைக் கருத்தைக் கொடுத்ததும் அந்த அக்காதான். தன் கையால் காணிக்கை போட்டு, எங்களிடம்கூடச் சொல்லாமல், அன்பால் செய்தது. கோயிலிலிருந்து திரும்பியதும் அத்தை சமையலறைக்குப் போகவில்லை. நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சுவருக்கு மேலே எல்லாமே கேட்டது.

"இல்லாத கல்லுக்கு ஊரே வேண்டிக்கிட்டு இருக்குது. இருக்கிற நோவுக்கு நான் ஒருத்திதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் அத்தை.

கடவுளுக்கு எல்லாம் தெரியும், தப்பு விலாசத்துக்கு வந்த தபாலைத் தபால்காரர் சரியான வீட்டில் சேர்ப்பதுபோல அவரே சேர்த்துக்கொள்வார் என்றார் மாமா. அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளுக்குத் தெரியும்தான், ஆனாலும் கேட்கிறவர்கள் தெரிந்து கேட்க வேண்டாமா, அத்தனை பேர் முழங்காலிட்டதும் வீணாகப் போகிறதே என்று அழுதார். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். கட்டில் கிறீச்சிட்ட சத்தம் மட்டும் வந்தது.

அதற்குப் பிறகுதான் வீடு உண்மையிலேயே மூச்சு முட்ட ஆரம்பித்தது. இரண்டு பேருமே நம்பிக்கையை விடவில்லை என்பதுதான் வேடிக்கை. மாமா நம்பியது, யாரும் தன்னைப் பார்க்காமல் இருந்தால் நோயும் மெல்ல அடங்கிவிடும் என்று. அத்தை நம்பியது, நாலு பேரோடு சேர்ந்து கேட்டால் கிடைக்கும் என்று. ஒருவர் நம்பிக்கை நிலைக்க மற்றவருடையது வாயை மூடிக்கொள்ள வேண்டும். முப்பது வருஷத்துக்கும் மேல் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி வாழ்ந்தவர்கள், ஹாலில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். செய்தி முடிந்து விளம்பரம் வந்தாலும் திரும்பமாட்டார்கள். அத்தை யாருக்கும் தெரியாத வேறொரு பங்குக் கோயிலுக்குப் பஸ் பிடித்துப் போய் நவநாள் ஜெபம் செய்தார். அங்கே பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி, உங்களுக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டாளாம். வாயைத் திறந்தால் அங்கேயும் கல் என்றுதான் வந்ததாம். பின்னாளில் இதை என்னிடம் சொல்லும்போதுகூட அத்தைக்கு முகம் சுருங்கிப்போனது.

ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தவக்காலம் முடியட்டும் என்றார் மாமா, முடிந்தது. ஈஸ்டர் போகட்டும் என்றார், போனது. இடுப்பு வலி கூடிக்கொண்டே வந்தது. குழாயடிக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாசகம் வாசிக்கப் பீடத்துப் படி ஏற முடியாமல், தொண்டை சரியில்லை என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார். அத்தை கெஞ்சினார். டாக்டர் கோபித்துக்கொண்டார். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு தான் யார் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும்; அதை அவர் அத்தையிடம்கூடச் சொன்னதாகக் கேட்டதில்லை. ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்ன காரணம் வேறு. மூலை வீட்டு அக்காவின் வீட்டுக்காரருக்கு முன்பு ஒருமுறை கல் எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தக் கற்கள் ஒரு சின்னப் பாட்டிலில், அவர்கள் வீட்டு ஷோகேசில், குழந்தை இயேசு சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கும். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார்கள். ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் படுத்தால் சந்தே பார்க்க வரும், வந்தால் கல் எங்கே, காட்டுங்கள் என்று கேட்கும், அப்போது எதைக் காட்டுவது? சுவருக்கு இந்தப் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு மனுஷன் உயிரை ஒரு பாட்டில் கல் பிடித்துவைத்திருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. துவைத்த துணியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். மாமா துவைக்கிற கல்லின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சந்து முனையில் யாரோ வீடு கட்ட ஜல்லி கொட்டியிருந்தார்கள். அதிலிருந்து பொறுக்கிவந்த பொடிக் கற்கள் அவர் உள்ளங்கையில் இருந்தன. ஒவ்வொன்றாகக் குழாய் நீரில் கழுவி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, வேண்டாததை ஒதுக்கிக்கொண்டிருந்தார். சர்வீசில் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்துவராதவர். எனக்குப் பின்னால் அத்தை வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. மாமா நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் அத்தையை மட்டும் பார்த்து, ஒரு கல்லைக் காட்டி, "இது ரொம்பப் பெருசா இருக்கோ?" என்று கேட்டார்.

அத்தை சிரித்தார். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்குள் எத்தனை மாதமாகக் கட்டிவைத்திருந்ததோ, எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"அதக் கீழ போடுங்க மாமா. உங்களுக்குச் செய்யற ஆபரேஷனுக்கு யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம்" என்றேன்.

மாமாவின் காது மடல் சிவந்துகொண்டே போனது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எப்பலேர்ந்து?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கே."

அவர் கையிலிருந்த கற்களை விரல்களால் மூடிக்கொண்டார். இனி என் முகத்தில் விழிக்கமாட்டார், நாளையே என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்புறம் ஏம்மா தினமும் அந்தச் சாறப் பிழிஞ்சு குடுத்தே?"

"நீங்க குடிச்சீங்களே மாமா" என்றேன்.

அவர் கற்களைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். உள்ளே போய்க் காப்பி கேட்டார். நான் கொடுத்த டம்ளரை வாங்கிக் குடித்தார். பாதி குடித்த பிறகு, அடுப்பைப் பார்த்து நின்றிருந்த அத்தையிடம், "கேளு. யார் யார்கிட்ட கேக்கணுமோ கேளு. சரியாச் சொல்லிக் கேளு" என்றார். அத்தை திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

மறுநாள் காலை மூலை வீட்டு அக்கா வாழைத்தண்டோடு வந்தபோது அத்தைதான் கேட்டுக்குப் போனார். கல் இல்லை, கேன்சர், கீழே வந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்று வழக்கமான சத்தத்திலேயே சொன்னார். மாமா உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தார். கை நின்று, பிறகு மெல்ல நகர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். எதுவும் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது என்று அக்கா நினைத்தாரோ என்னவோ, தண்டை அத்தை கையில் திணித்து, "இதப் பொரியல் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்குப் போய் அவர் அழுத அழுகையைச் சாயங்காலம் வேறொருவர் வந்து சொன்னார். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் சந்துப் பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். நர்ஸ் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்த அத்தையின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வலி குறைந்தது, மாமா மறுபடி நடந்தார். ஆனால் அந்தச் சுரப்பு நின்றுபோனதில் உடம்பு திடீர் திடீரென்று தகித்தது. டிசம்பர் மாத பெங்களூரில் ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு வியர்வை துடைத்தார். அத்தை ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டுக்கொண்டு அதே ஃபேனுக்கு அடியில் படுத்தார். என் அறைக்கு வாருங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் வரவில்லை. கோயிலில் மாமாவோடு வாயாடிக்கொண்டிருந்த ஆண்கள் அவரைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். பீடத்தில் ஏறி அவர் வாசித்தால், வாசகத்தைக் கேட்காமல் அவர் குரல் மாறியிருக்கிறதா என்று கவனித்தார்கள். "கல்லா இருந்தப்ப எல்லாரும் நல்லாப் பேசினாங்க" என்று ஒருமுறை சொன்னார். அவர் பயந்தது அப்படியே நடந்துதான் இருந்தது. ஒருவர் கண்ணிலிருந்தும் இனி அவரால் ஒளிய முடியாது.

ஒருநாள் பரிசோதனைக்காக அவரைக் கூட்டிப்போய், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தோம். எல்லோரிடமும் உண்மையைச் சொல்ல அன்றைக்கு ஏன் மாமா சம்மதித்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். கொல்லைப்பக்கத்துச் சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்குள் அந்த அளவு பேச்சு வந்திருந்தது. என் பேச்சுக்காகத்தான் என்று சொல்வாரோ என்று ஒரு அல்ப ஆசையும் இருந்தது.

"அவ ஒருத்தியாவே கேட்டுக்கிட்டு இருந்தாம்மா. எனக்கு அதப் பாக்க முடியல" என்றார்.

அவ்வளவுதான். தான் வெளியே வருவதற்காக அவர் அன்று வாயைத் திறக்கவில்லை. அத்தையை வெளியே விடுவதற்காகத் திறந்தார். தனக்கு அதற்குப் பிறகு ஒளிய இடமிருக்காது என்று தெரிந்தே செய்தார். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின. புரிந்த அன்று அவருக்காக நான் நன்றாக அழுதேன்.

டாக்டர் சொன்னபடியே நோய் சில வருஷங்கள் தூங்கியது. மகன் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்ததைப் பார்த்தார், புது நூற்றாண்டு பிறந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு அது விழித்துக்கொண்டு அவரைக் கொண்டுபோனது. காக்ஸ் டவுன் வீட்டை விட்டுவிட்டு, நாங்கள் இப்போது வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். இங்கே சுவர்கள் கூரை வரைக்கும் போகின்றன. யார் வந்தாலும் வாசல் காவலாளி போன் செய்து கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். பக்கத்து வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. அத்தை எங்களோடுதான் இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது, புத்தி மட்டும் முன்னைவிடக் கூர்மை.

சாயங்கால ஜெபத்தில் அத்தை இறந்தவர்களுக்கான மன்றாட்டில் மாமாவைச் சேர்ப்பதில்லை. நோயாளிகளுக்கான மன்றாட்டில்தான் சேர்க்கிறார்; பெயர் சொல்லி, நோயைச் சொல்லி, இடுப்பு வலி குறையட்டும் என்று கேட்கிறார். முதலில் மறதி என்று நினைத்தேன். ஒருநாள் மெதுவாக, போனவருக்கு எதற்கு அத்தை சுகம் கேட்கிறீர்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க வலிக்காதுன்னு யாரு கண்டா? கேட்டு வைக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் திருத்துவதில்லை. அவர் கேட்டு முடித்ததும், அவர் காதில் விழும்படி சத்தமாக நானும் ஆமென் சொல்கிறேன்.